சவரிமுத்துவின் மார்புப் படங்கள்

நவம்பர் 6, திங்கள்

விடாத மழை. மூன்று நாளாகக் காயாத துணிகளை ஹாலில் நாற்காலி முதுகுகளில் விரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஒன்பது மணிக்குள் ஐ.சி.யூ. படங்கள் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். மூன்றாம் மாடியில் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடக்கிறவர்களிடம் எக்ஸ்ரே மெஷினை உருட்டிக்கொண்டு போய், முதுகுக்குக் கீழே படம் பதியும் தட்டைச் செருகி எடுக்கிற மார்புப் படங்கள். தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத என் அறையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த ஆஸ்பத்திரியில் அதற்கு நான் ஒருத்திதான்.

பெயரைப் பார்க்காமல் படத்தை முதலில் பார்ப்பது என் வழக்கம். இன்று ஆறு படங்கள். நான்காம் கட்டில் புதிது. காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். இதில் இரண்டு பக்கமும் கீழ்ப்பாதியில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள். 'இரு நுரையீரலிலும் பரவிய அழற்சி, நாளை மறுபடி எடுத்துப் பார்க்கவும்' என்று டைப் செய்து முடித்த பிறகுதான் பெயர் இருந்த கட்டத்துக்குக் கண் போனது.

ச. சவரிமுத்து. ஆண். 48.

எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் சவரிமுத்துவேதான். பத்தொன்பது வருஷமாக அவர் படம் எடுக்கிறார், நான் படிக்கிறேன். போன வாரம் முழுக்கக் காய்ச்சல் என்று லீவில் இருந்தார். நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் மாற்ற ஒன்றும் இல்லை. அப்படியே அனுப்பினேன்.

நவம்பர் 7, செவ்வாய்

ஐ.சி.யூ.வைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ரவூப் போனில் சொன்னார். உண்ணிக் காய்ச்சலாம். ஆட்டுக் கொட்டகை போடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த புதரை வெட்டியிருக்கிறார் சவரிமுத்து. அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று கடித்திருக்கிறது. இடுப்பில் வேட்டி கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு, இந்தக் காய்ச்சலின் அடையாளம். எட்டு நாள் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். இடுப்பை யாரும் பார்க்கவில்லை.

"சரியான மருந்து நேத்து சாயங்காலந்தான் மேடம் ஏற ஆரம்பிச்சுது. ஆனா மூச்சு தாங்கல. மத்தியானம் டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சிட்டேன்" என்றார் ரவூப்.

டியூப் போட்டபின் எடுத்த படம் மூன்று மணிக்கு வந்தது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு நாலு சென்டிமீட்டர் மேலே டியூபின் நுனி நிற்க வேண்டும். இது பிரியும் இடத்தைத் தொட்டுக்கொண்டு, வலது பக்கம் இறங்கப் பார்த்தது. இறங்கினால் இடது நுரையீரலுக்குக் காற்றே போகாது. போன் செய்து மூன்று சென்டி வெளியே இழுக்கச் சொன்னேன்.

"இழுத்துட்டேன் மேடம்." போனை வைக்காமல், "ஒரு தடவ மேல வந்து அவரப் பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"படம் தெளிவாத்தான் இருக்கு" என்றேன்.

உண்மையில் அவ்வளவு தெளிவாக இல்லை. சவரிமுத்துவின் இடத்துக்குத் தற்காலிகமாகக் கோதண்டம் என்பவரை எடுத்திருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், முழங்கால் வலிக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் எடுக்கிற படம் கோணலாக வருகிறது. நெஞ்சின் மேல் கிடக்கிற ஈ.சி.ஜி. வயர்களை ஒதுக்காமல் எடுத்துவிடுகிறார். சவரிமுத்து எடுத்த படத்தில் ஒரு வயரைப் பார்க்க முடியாது. அந்த மட்டில் அவர் கைதேர்ந்த வேலைக்காரர்தான்.

நவம்பர் 8, புதன்

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன். நான்காம் கட்டில், நேற்றைவிட வெள்ளை.

நவம்பர் 9, வியாழன்

சவரிமுத்துவின் மனைவி ஜெசிந்தா என் அறைக்கு வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். பத்தொன்பது வருஷத்தில் நாலைந்து தடவை பார்த்திருப்பேன். கையில் ஒரு துணிப்பை. அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"படத்த நீங்கதான் பாக்குறீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. எப்படிம்மா இருக்கு?"

"ரவூப் டாக்டர்கிட்ட கேளுங்க. அவருதான் முழுசாச் சொல்ல முடியும். நான் படத்த மட்டுந்தான் பாக்குறேன்."

"அவரு சொன்னாரு. எனக்குப் பாதி புரியல. நீங்க புரியுற மாதிரி சொல்லுவீங்கன்னு வந்தேன்."

படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். கறுப்பு என்றால் காற்று, வெள்ளை என்றால் நீரும் வீக்கமும். இந்தக் காய்ச்சலில் முதலில் வெள்ளை கூடும். மருந்து பிடித்தால் மெல்ல மெல்லக் கறுப்பு திரும்பும். இந்தப் படம் இன்னும் கூடுகிற பக்கத்தில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் டிக்டேஷன் கொடுக்கிற குரலாகவே இருந்தது. எனக்கே கேட்டது.

ஜெசிந்தா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் விலா எலும்புகளைப் பார்த்தார்.

"இதுதான் அவரா?" என்றார். பிறகு, "நீங்க மேல போய்ப் பாக்கலயாம்மா?"

"இன்னும் போகல."

"ஐ.சி.யூ.வுக்கு வர மாட்டீங்கன்னு அவரும் சொல்லுவாரு. அதுல ஒண்ணும் தப்பில்லம்மா. உங்க கண்ணுல படாம ஒரு தூசி தப்பாதுன்னும் சொல்லுவாரு. அதான், இங்க இருந்தே பாத்துக்குவீங்கன்னு தைரியமா இருக்கேன்."

பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டு மரமாம்.

நவம்பர் 10, வெள்ளி

மேலே போகாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

சவரிமுத்துவும் நானும் ஒருகாலத்தில் பதினோரு மணிக்கு என் அறையில் ஒன்றாக டீ குடிப்போம். அவரே வெளிக்கடையில் வாங்கி வருவார். அன்றைய படங்களில் எது சிரமமாக இருந்தது, எந்தக் கட்டில்காரர் திட்டினார், யார் சாமி கும்பிட்டார் என்றெல்லாம் சொல்வார். நான் கட்டில்களைப் பார்த்ததில்லை என்றாலும் எல்லோரையும் அவர் வழியாகத் தெரியும். இப்போது கேன்டீனிலிருந்து டீ வருகிறது. இரண்டரை வருஷமாக அப்படித்தான். வேலை கூடிவிட்டது. அவரும் வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. படம் வரும், ரிப்போர்ட் போகும். சண்டை என்று ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி வால்வு மக்கர் செய்தது. மொட்டைமாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கினேன்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

மகள் புனேயிலிருந்து ஆறு மணிக்கே போன் செய்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று என் அம்மா மாதிரி கேட்டாள். குளித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. ஞாயிறு வழக்கப்படி ஸ்கூட்டரை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் படங்களைத் திங்களன்று பார்த்தால் போதும் என்பது விதி. வீட்டில் வெடிச்சத்தம் தாங்கவில்லை.

நான்காம் கட்டிலின் இடது மேல்பகுதியில், நகக்கண் அளவுக்குக் கறுப்பு. ஆறாம் தேதிப் படத்திலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நேற்று அது இல்லை. ரவூப்புக்குச் சொன்னேன். ஜெசிந்தா வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார், சொல்லிவிடுகிறேன் என்றார்.

"நகக்கண் அளவுன்னு சொல்லாதீங்க. கொஞ்சம் தெளியுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

நவம்பர் 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலைப் படத்தில் வலது நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இப்படிக் கோடு வந்தால் இரண்டில் ஒன்று. தட்டைச் செருகும்போது முதுகுத்தோல் மடிந்திருக்கலாம், அது ஒன்றுமில்லை. அல்லது நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசிந்து, நுரையீரலையே அமுக்கிக்கொண்டிருக்கலாம். அது ஆளையே கொன்றுவிடும். வென்டிலேட்டர் அழுத்தித் தள்ளுகிற நெஞ்சில் இது எப்போது வேண்டுமானாலும் வரும். படம் கோணல். கோட்டின் மேலேயே இரண்டு வயர்கள் படுத்திருந்தன. கோடு தடிமனாக இருப்பதாகப் பட்டது, காற்றென்றால் மெலிதாக இருக்கும். ஆள் இளைத்திருக்கிறார், தோல் தொளதொளத்திருக்கும் என்று நினைத்தேன். 'தோல் மடிப்பு' என்று எழுதி அனுப்பினேன்.

பதினொன்றே காலுக்கு ரவூப் போன் செய்தார். "ஆக்சிஜன் தொண்ணூத்தி நாலுல இருந்து எண்பத்தி ஏழுக்கு வந்திருச்சு மேடம். வென்டிலேட்டர் பிரஷர் ஏறுது. அது மடிப்புதானா? காத்துன்னா நான் உடனே நெஞ்சுல குழாய் போடணும். மடிப்புன்னு இருக்கும்போது போட்டா நுரையீரல்லயே குத்திரும்."

"ஸ்கேன் மெஷின வச்சுப் பாக்கலாமே?"

"ஆபரேஷன் தியேட்டர்ல மாட்டிக்கிட்டு இருக்கு. அரைமணி ஆகும்னு சொல்றாங்க."

இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். வந்தது. அதே கோணல், அதே வயர். திரையை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் படம் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

எழுந்து போனேன். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை.

கோதண்டம் மெஷினைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அம்மா, ஆள நேரா தூக்கி வைக்கணும்னா எனக்குக் கையில பலமில்லம்மா. சிஸ்டருங்களும் ஆளுக்கொரு வேலையா ஓடுறாங்க" என்றார். அவரை என்ன சொல்வது? இத்தனை நாள் கோணல் படங்களைக் கீழே உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. உதட்டோரம் டியூபை ஒட்டிய பிளாஸ்திரியின் கீழ் தோல் சிவந்திருந்தது. மயக்க மருந்தில் இருக்கிறவருக்குக் காது கேட்காது என்று தெரிந்தும், "சவரிமுத்து, நேரா வைக்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன்.

எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈய உடுப்பை மாட்டிக்கொண்டு இரண்டு சிஸ்டர்களைக் கூப்பிட்டேன். நாங்கள் மூவரும் தூக்க, கோதண்டம் தட்டைச் செருகினார். தோளை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். முதுகுத்தோலை உள்ளங்கையால் நீவிவிட்டேன். வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளுக்கு மேலே போட்டேன். பிறகு விலகி நின்று எடுக்கச் சொன்னேன்.

மெஷினின் சின்னத் திரையில் படம் விழுந்தது. கோடு மெலிதாக, பேனாவால் இழுத்ததுபோல் இருந்தது. அதற்கு வெளியே நுரையீரலின் ரத்தக்குழாய்க் கோடுகள் ஒன்றுமில்லை. வலது பக்கம் விலா எலும்புகளுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் உள்ள மூலை, கிணறு வெட்டியதுபோல் ஆழமாகக் கறுத்துக் கிடந்தது. மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கசிந்த காற்று அங்கேதான் போய்ச் சேரும்.

"காத்துதான் ரவூப். வலது பக்கம். போடுங்க."

போட்டார். குழாய் உள்ளே போனதும் சைக்கிள் டியூபில் காற்றிறங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. எண்பத்தி நாலு. எண்பத்தி எட்டு. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று ஐந்தைப் பார்த்த பிறகுதான் கட்டில் கம்பியை விட்டுக் கையை எடுத்தேன்.

காலையில் தோல் மடிப்பு என்று எழுதியது நான். இரண்டரை மணி நேரம் அந்த ரிப்போர்ட் இருந்தது. அதை அழிக்கவில்லை. கீழே, 'முதல் கணிப்பு தவறு' என்று எழுதி, அரசி என்று என் பெயரைப் போட்டேன்.

ஜன்னலோரக் கட்டிலைப் பார்க்காமல் வெளியே வந்தேன். அதில் இன்று யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15, புதன்

நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது. கோதண்டத்தோடு நானும் மேலே போய் எடுத்தேன். நல்ல படம்.

நவம்பர் 16, வியாழன்

மத்தியானம் ரவூப் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு டீ. என்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சொன்னதை எழுதுவதற்கு முன் வேறொன்றை எழுத வேண்டும்.

இரண்டரை வருஷத்துக்கு முன், கொரோனா இரண்டாம் அலையில், வேங்கடம் அந்த ஜன்னலோரக் கட்டிலில் பன்னிரண்டு நாள் இருந்தார். என் கணவர். இந்த நோட்டில் அவர் பெயரை நான் இதுவரை எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். எனக்கும் பாசிட்டிவ். இரண்டாம் மாடியில் ஓர் அறையில் காய்ச்சலோடு கிடந்தேன், மேலே போக விடவில்லை. மற்றவர்களின் படங்களை மதுரையில் ஒரு டாக்டர் பார்த்தார். வேங்கடத்தின் படத்தை மட்டும் நான்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தேன். சவரிமுத்து கவச உடுப்போடு போய்த் தினமும் காலையில் எடுப்பார். ஒன்பது மணிக்கு என் லேப்டாப்பில் வரும். பதினொரு நாள் நான் அவரைப் பார்த்தது அப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் படம் வரவில்லை. சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். "மெஷின் ரிப்பேர் டாக்டரம்மா" என்றார். அன்று மத்தியானம் மூன்றரைக்கு வேங்கடம் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்ததும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அன்று காலை மற்ற எல்லாக் கட்டில்களுக்கும் படம் எடுக்கப்பட்டிருந்தது. மெஷின் ரிப்பேர் ஆகவே இல்லை. பயந்துகொண்டோ அலுத்துக்கொண்டோ அந்த ஒரு கட்டிலை விட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். அந்தப் படம் வந்திருந்தால், டியூப் இறங்கியிருப்பதையோ காற்று கசிந்திருப்பதையோ நான் பார்த்திருப்பேன். ஒரு போன் செய்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சவரிமுத்துவிடம் கேட்கவும் இல்லை. டீயை மட்டும் நிறுத்தினேன்.

இன்று ரவூப் சொன்னார்.

"அன்னிக்கு சாருக்குப் படம் எடுத்தோம் மேடம். மெஷின் ஸ்க்ரீன்லயே நானும் சவரிமுத்துவும் பாத்தோம். ரெண்டு பக்கமும் முழு வெள்ளை. செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சு முடிச்சிருந்தோம். படத்த உங்களுக்கு அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு மாட்டேன்னுட்டாரு. 'டாக்டரம்மா காய்ச்சலோட தனியா ஒரு ரூம்ல கெடக்குறாங்க. இத அவங்க மட்டும் உக்காந்து பாக்கக் கூடாது சார்'னாரு. அதுக்கப்புறம் என்னால வற்புறுத்த முடியல."

டீயை மேசையில் வைத்தேன்.

"அழிச்சிட்டீங்களான்னு பின்னாடி கேட்டேன். இல்ல, டெஸ்ட்னு பேர் போட்டு கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன்னாரு. 'என்னிக்காவது கேப்பாங்க, அப்ப இல்லன்னு சொல்லக் கூடாதுல்ல'ன்னாரு. நீங்க கேக்கவே இல்ல. அவருக்கும் சொல்ல வாய் வரல, எனக்கும் வரல. நீங்க செவ்வாக்கிழம மேல வந்தீங்க. அதனாலதான் இப்ப சொல்றேன்."

டீ ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

நவம்பர் 17, வெள்ளி

ஐ.சி.யூ. படங்களை முடித்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அந்தத் தேதியைத் தேடினேன். டெஸ்ட் என்ற பெயரில் ஒரே ஒரு படம். காலை 8.10.

வழக்கப்படி டியூபிலிருந்து ஆரம்பித்தேன். டியூபின் நுனி சரியான இடத்தில். கழுத்து வழியாகப் போட்ட குழாய் சரியான இடத்தில். மூக்கு வழியாக உணவுக்குப் போட்ட குழாயின் நுனி வயிற்றில். காற்றுக் கசிவு இல்லை. நீர் தேங்கவில்லை. இரண்டு நுரையீரலும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. இதயத்தின் ஓரம்கூடத் தெரியவில்லை. யாராவது போன் செய்து சரிசெய்யக்கூடியது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. மூன்று தடவை பார்த்தேன். இல்லை.

இரு தோள்பட்டை எலும்புகளும் ஒரே மட்டம். ஒரு வயர் கிடையாது. படுத்த நோயாளிக்கு இவ்வளவு நேரான படத்தை நான் கண்டதில்லை.

அப்புறம் இடது ஓரத்தைப் பார்த்தேன். நான்கு விரல்கள். கட்டிலில் இருந்தவருடையவை அல்ல. ஆளை நேராக வைப்பதற்குத் தூக்கிப்பிடிக்க அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சிஸ்டரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, சவரிமுத்து விலகாமல் தோளைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். விரல் எலும்புகள் வேங்கடத்தின் தோளெலும்பின் மேல் மடங்கி இருக்கின்றன. மோதிர விரலில் மோதிரம்.

கை படத்துக்குள் வந்தால் நான் சும்மா விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

நவம்பர் 18, சனி

அரை நாள் விடுப்பு. மகளுக்குப் போன் செய்து அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவள் அழுதாள். எனக்குப் பரவாயில்லை. துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

நவம்பர் 21, செவ்வாய்

காலையில் சவரிமுத்துவுக்கு டியூபை எடுத்துவிட்டார்கள். படமெடுக்க கோதண்டமும் நானும் போனபோது, தலையணையில் சாய்ந்து கண்ணைத் திறந்து வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் ஈய உடுப்பில் நின்றிருந்தேன்.

"நீங்க எதுக்கு இதெல்லாம் போட்டுக்கிட்டு..." குரல் காற்றாகத்தான் வந்தது.

"பேசாதீங்க. தொண்ட புண்ணாயிருக்கும்."

கோதண்டம் மெஷினின் தலையைச் சரிசெய்து, அதன் வெளிச்சக் கட்டத்தை நெஞ்சின் மேல் விழவைத்து அளந்துகொண்டிருந்தார். சவரிமுத்து கையை மெல்லத் தூக்கி, தன் நெஞ்சில் கிடந்த வயரைத் தானே எடுத்துத் தோளுக்கு மேலே போட்டுக்கொண்டார். கோதண்டம் சிரித்துவிட்டார். "சரிப்பா, எனக்குத் தெரியலதான், வந்து ஒரு மாசம் சொல்லிக் குடு" என்றார்.

ஜெசிந்தாவிடம் இன்றைய படத்தைக் காட்டினேன். "கறுப்பு வந்திருச்சு" என்று அவரே சொன்னார்.

நவம்பர் 29, புதன்

டிஸ்சார்ஜ். சக்கர நாற்காலியில் கூட்டிப்போனபோது என் அறை வாசலில் நிறுத்தச் சொன்னாராம். நான் ஸ்கேன் அறையில் கர்ப்பிணி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது ஆட்டோ போய்விட்டது. மேசையில் மூன்று கொய்யாப்பழம்.

டிசம்பர் 11, திங்கள்

சவரிமுத்து செக்கப்புக்கு வந்தார். பன்னிரண்டு கிலோ குறைந்திருக்கிறார், சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்குகிறது. கீழே எக்ஸ்ரே அறையில் நின்றபடி படம் எடுத்தோம். நூல் பிரிந்ததுபோல் இரண்டு மூன்று தழும்புக் கோடுகள். மற்றபடி இரண்டு நுரையீரலும் கறுப்பு.

அவரையும் ஜெசிந்தாவையும் என் அறையில் உட்காரவைத்தேன். வெளிக்கடையிலிருந்து டீ வரவழைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

"டெஸ்ட்னு போட்டு வச்சிருந்த படத்தப் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார். ஜெசிந்தாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"கோவமா டாக்டரம்மா?"

"இருந்துச்சு. நீங்க படமே எடுக்கலன்னு நெனச்சு ரெண்டர வருஷம் கோவமா இருந்தேன். நான் கேட்டிருக்கணும்."

"நானும் சொல்லியிருக்கணும். தெனமும் படத்த அனுப்புறப்ப, இன்னிக்குச் சொல்லிருவோம்னுதான் நெனப்பேன். உங்க மூஞ்சியப் பாத்தா வராது." பிறகு, "கை வச்சது தெரியுதா?" என்று தயங்கிக் கேட்டார்.

"தெரியுது."

"தூக்குறதுக்கு ஆளில்ல அன்னிக்கு."

"தெரியும் சவரிமுத்து."

அவர் டீயை எடுத்துக் குடித்து முடித்தார். போவதற்கு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. சொல்லவா வேண்டாமான்னு தெரியல" என்றார்.

"சொல்லுங்க."

"டியூப் போடுறதுக்கு முன்னாடி எட்டு நாள் சாரு முழிப்பாத்தான இருந்தாரு. மாஸ்க் மட்டுந்தான். நான் மெஷினத் தள்ளிக்கிட்டு உள்ள போனாலே, 'சவரிமுத்து வந்தாச்சா, இருங்க'ன்னு கையக் காட்டுவாரு. தலைய ஒதுக்கி விட்டுக்குவாரு. எக்ஸ்ரேல தல வராது சார்னா, 'பரவால்ல, அரசி பாக்குற படமாச்சே'ம்பாரு. அப்புறம் மூச்ச இழுத்துப் பிடிப்பாரு பாருங்க. அந்த மாதிரி இருமல்ல யாராலயும் அது முடியாது. எனக்கே பயமா இருக்கும். போதும் சார், பாதி இழுத்தாப் போதும்பேன். கேக்க மாட்டாரு. நான் பட்டன அழுத்துற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு. விட்டதும் அஞ்சு நிமிஷம் இருமுவாரு. இருமி முடிச்சிட்டு, 'நல்லா வந்துச்சா? இல்லன்னா உங்க டாக்டரம்மா அரைகுறை மூச்சுன்னு எழுதிரும்'னு சிரிப்பாரு."

அந்த எட்டுப் படங்களையும் எனக்கு ஞாபகமிருக்கிறது. ஒவ்வொன்றிலும் விலா எலும்புகளை எண்ணினேன். ஒன்பது வரை தெரிந்தன. மூச்சு ஆழமாக இருக்கிறது, நுரையீரல் இன்னும் தாங்குகிறது என்று மகளுக்கு ஒவ்வொரு நாளும் போன் செய்து சொன்னேன். பயப்படாதே, அப்பா நன்றாக மூச்சிழுக்கிறார் என்று.

அது நுரையீரல் இழுத்த மூச்சில்லை.

அழுதேன். ஜெசிந்தா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். சவரிமுத்து, "சொல்லியிருக்கக் கூடாதோ" என்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு நாளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு டாக்டரம்மா."

"அவரு என்ன பேசினாரு, என்ன சாப்பிட்டாரு, எல்லாம்?"

"எல்லாம் இருக்கு."

"மொத நாள்ல இருந்து சொல்லுங்க."

ஜெசிந்தா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சவரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் நாள் சார் நீலச் சட்டை போட்டிருந்தார், அதைக் கழற்றமாட்டேன் என்று சிஸ்டரிடம் தகராறு செய்துகொண்டிருந்தார் என்று ஆரம்பித்தார். எனக்கு அந்தச் சட்டை தெரியும். நான் தேய்த்துக் கொடுத்தது.

அவருக்கு இன்னும் சீக்கிரமே மூச்சு வாங்குகிறது. நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். மணி ஐந்தானபோது ஆறாம் நாளில்தான் இருந்தோம். மீதி இரண்டு நாளைக் கேட்க வருகிற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.